தங்கத்துக்குப் பதினைந்து வயது

ஆறாம் வகுப்புத் தேர்வில் எங்கள் பள்ளியிலேயே முதலாவதாக வந்த தங்கத்துக்கு உயர்நிலைப் பள்ளியில் இடமில்லை என்று 1963 டிசம்பரில் ஒரு கடிதம் வந்தது. காரணம் ஒரே வரிதான். மாணவிக்கு வயது பதினைந்து, முதல் படிவத்தில் சேரும் வயது கடந்துவிட்டது.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. தங்கத்தைப் பார்த்த யாருக்கும் வந்திருக்கும். வகுப்பிலேயே குட்டை அவள்தான். வரிசையில் முதல் ஆளாக நிற்பாள். கரும்பலகையின் மேல் பாதியை அழிக்க அவளுக்கு நாற்காலி வேண்டும். வரிசையில் கடைசி ஆள் நான். என்னை அவள் நெட்டச்சி என்றுதான் கூப்பிடுவாள், பாக்கியலட்சுமி என்ற பெயர் அவள் வாயில் நுழைந்ததே இல்லை. அந்தக் குட்டைக்குப் பதினைந்தாம், இந்த நெட்டைக்குப் பன்னிரண்டாம். ஆபீசில் எவனோ தூக்கக் கலக்கத்தில் டைப் அடித்துவிட்டான் என்று நினைத்தேன்.

எவனும் தூங்கவில்லை. அவளுடைய பிறப்புப் பத்திரத்தில் இருந்ததைத்தான் அவர்கள் எழுதியிருந்தார்கள்.

நாங்கள் இருந்தது தஞ்சோங் பகாரில், துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில். லைன் என்போம். என் அப்பா சேதுபதி துறைமுகத்தில் கிராணி. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுகிற குமாஸ்தா வேலைக்கு அங்கே அந்தப் பெயர். அந்த மூட்டைகளை முதுகில் தூக்கி இறக்குகிறவர்களில் ஒருவர் தங்கத்தின் அப்பா மருதப்பன். லைன் கோடியில் கிராணிக்கு இரண்டு அறையும் தனிக் குழாயும் உண்டு. மருதப்பன் மாமாவுக்கு ஒரே அறை, அதில் ஏழு பேர். அவர்கள் குளிக்கவும் துவைக்கவும் இருபது குடும்பத்துக்குப் பொதுவான குழாயடிக்குத்தான் போக வேண்டும்.

தங்கத்துக்குச் சொந்தமாகப் புத்தகம் கிடையாது. என் புத்தகத்தில்தான் அவள் படித்தாள். எங்களுக்கு மதியப் பள்ளி. காலையில் குழாயடியில் வாளியை வரிசையில் வைத்துவிட்டு வந்து என் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போவாள். தன் முறை வருகிறவரை நின்றபடியே படிப்பாள். பதினோரு மணிக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும், நானும் பையில் வைக்க வேண்டுமே. ஆறு வருஷத்தில் ஒரு பக்கத்தைக்கூட அவள் நனைத்ததில்லை. குழம்புக் கறை பட்ட பக்கங்களெல்லாம் என் கைவண்ணம்.

எனக்கு வாரத்தில் மூன்று நாள் டியூஷனும் இருந்தது. அங்கே புரியாமல் விழித்ததையெல்லாம் மறுநாள் குழாயடியில் தங்கத்திடம் ஒப்பிப்பேன். அவள் அதைக் கேட்டு, எனக்கே புரிகிற மாதிரி திருப்பிச் சொல்வாள். டியூஷனுக்குப் போனவள் நான், பாடம் நடத்தியவள் அவள். தேர்வில் அவள் முதலாவது வந்தாள், நான் பதினான்காவது. கூலிக்காரன் மகளுக்கு இருக்கிற மூளை உனக்கு எங்கே போனது என்று அப்பா கேட்பார். விளையாட்டாகத்தான் கேட்பார், ஆனாலும் அந்த 'கூலிக்காரன்' என்ற சொல்லில் விளையாட்டு இருக்காது.

கடிதம் வந்த அன்று சாயங்காலம் மருதப்பன் மாமா ஒரு பால்மாவு டின்னைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் குடும்பத்தின் காகிதமெல்லாம் அந்த டின்னில்தான். பின்னால் தங்கத்தின் அம்மா செல்லக்கண்ணு அத்தையும் தங்கமும் வந்தார்கள். லைனில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் கிராணி வீட்டுக்குத்தான் வரும். அப்பா அதற்குக் காசு வாங்கமாட்டார். மரியாதையை மட்டும் குறைவில்லாமல் வாங்கிக்கொள்வார். நாங்கள் நாற்காலி போட்டாலும் மருதப்பன் மாமா தரையில்தான் உட்காருவார்.

அப்பா பத்திரத்தை எடுத்துப் படித்தார். பெயர் தங்கம். அப்பா பெயர் மருதப்பன். பிறந்தது 1948, ஜூன். நான் தங்கத்தைப் பார்த்தேன். அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை. தானும் நானும் 1951இல் பிறந்தவர்கள் என்றுதான் அவளும் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

செல்லக்கண்ணு அத்தை மட்டும் பதறவில்லை. "அது மொதத் தங்கம்," என்றார். "ஊர்ல போயிட்டா. அவதான் திரும்பி வந்திருக்கா."

பிறகு மெதுவாக எல்லாம் வெளியே வந்தது. 1948இல் இங்கே ஒரு பெண் பிறந்தாள், தங்கம் என்று பெயர் வைத்துப் பத்திரமும் எடுத்தார்கள். ஒன்றரை வயதில் அவளைத் தூக்கிக்கொண்டு அத்தை பட்டுக்கோட்டைப் பக்கம் ஊருக்குப் போனார். அங்கே காய்ச்சலில் குழந்தை போய்விட்டது. அத்தை வெறுங்கையோடு கப்பல் ஏறித் திரும்பினார். 1951இல் லைன் அறையிலேயே இன்னொரு பெண் பிறந்தாள். முதல் குழந்தைக்கு இருந்த அதே இடத்தில், இடது காது மடலில் மச்சம். போன பிள்ளை வந்துவிட்டாள் என்று அத்தை முடிவே செய்துவிட்டார். அதே பெயரை வைத்தார்கள். திரும்பி வந்த பிள்ளைக்குப் புதுப் பத்திரம் எதற்கு? இதைக் கேட்டு லைனில் யாரும் சிரித்திருக்கமாட்டார்கள். போன பிள்ளையின் பெயரைச் சுமந்துகொண்டு திரிந்தவர்கள் எங்கள் லைனிலேயே இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். முதல் வகுப்பில் சேர்த்தபோதும் தங்கத்தின் உருவத்தைப் பார்த்துவிட்டு, பத்திரத்தில் பெயரை மட்டும் சரிபார்த்துச் சேர்த்துக்கொண்டார்களாம்.

மருதப்பன் மாமாவுக்கு மட்டும், புதிதாகப் பதிய வேண்டாமா என்று அப்போதே ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. அதை அவர் கேட்ட ஆள் என் அப்பா.

"நீங்கதானய்யா சொன்னீங்க," என்றார் மாமா. குறையாகச் சொல்லவில்லை, ஞாபகப்படுத்துகிற குரல்தான். "பேரு அதே பேரு, பத்திரந்தான் இருக்கே, எதுக்குடா அரை நாள் கூலிய விடுறேன்னு."

அப்பா பத்திரத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் தங்கை பிறந்தபோது இதே அப்பா மறுநாளே லீவு போட்டுப் பதிவு ஆபீசுக்குப் போனவர். பத்திரத்தை வாங்கி வந்து கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினவர். மூட்டை தூக்குகிறவன் பிள்ளைக்கு அது எதற்கு என்று அன்றைக்கு நினைத்திருக்கிறார். கெட்ட எண்ணத்தோடு நினைத்திருக்கமாட்டார். அந்தப் பிள்ளை ஒருநாள் உயர்நிலைப் பள்ளி வாசலில் நிற்கும் என்று அவர் மனசில் தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் நாங்கள் பள்ளிக்கூடம் போனோம். விடுமுறை என்பதால் ஆபீஸ் அறை மட்டும் திறந்திருந்தது. மாமாவுக்கும் அத்தைக்கும் மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். தலைமை ஆசிரியை வெள்ளைக்கார அம்மாள். தங்கத்தைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தி, மேசைக்கு மேல் அதிகம் உயராத அவள் தோளைப் பார்த்தார். பிறகு ஒரு வழி சொன்னார். இறந்த குழந்தைக்கு மரணப் பத்திரம் இருந்தால் நல்லது, அது ஊரில் கிடைக்காதென்றால் வேறொன்று செய்யலாம். இந்தப் பிள்ளை பிறந்ததை அறிந்தவர், நாலு பேர் மதிக்கிற உத்தியோகத்தில் இருப்பவர், முதல் குழந்தை வேறு, இது வேறு என்று பிரமாண ஆணையர் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். பள்ளி திறப்பதற்குள் அந்தக் காகிதம் வந்தால், தானே கல்வி இலாகாவுக்கு எடுத்துப் போவதாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் தங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். எங்களுக்குத் தெரிந்து நாலு பேர் மதிக்கிற உத்தியோகத்தில் இருந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் தங்கத்தின் அறையிலிருந்து நாற்பது அடி தள்ளி, லைன் கோடியில் இருந்தார்.

அப்பா "பார்ப்போம்" என்றார். அடுத்த நாளும் பார்ப்போம். மூன்றாம் நாளும் பார்ப்போம். நாலாம் நாள் மருதப்பன் மாமா வந்தபோது அப்பா வேறு மாதிரி பேசினார். செத்த பிள்ளையின் பத்திரத்தைக் காட்டிப் பள்ளியில் சேர்த்தது குற்றம், கிளறினால் உன்னைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள், உன் குடியுரிமைக் காகிதத்தையும் தோண்டுவார்கள், வாயை மூடிக்கொண்டு இரு என்றார். மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. நல்ல வேளை சொன்னீர்கள் என்று கும்பிட்டார். நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர் அன்றைக்கு நன்றி சொன்னதை என்னால் மறக்கவே முடியவில்லை.

மாமா போனதும் நான் அப்பாவிடம் சண்டைக்கு நின்றேன். பதிய வேண்டாம் என்று சொன்னதே நீங்கள், அதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட என்ன கஷ்டம் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி சட்டைப் பையில் செருகினார். சரி, நானே போய்த் தலைமை ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றேன்.

அம்மா கண்மணி மூலையில் என் பள்ளிச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கரி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"போ. போய்ச் சொல்லு," என்றார். "அப்படியே ஒன்னோட வயசையும் சொல்லிட்டு வா."

அப்பா "கண்மணி" என்று அதட்டினார். அம்மா நிறுத்தவில்லை. வருஷக்கணக்காக வாயை மூடியிருந்தவருக்கு அன்று என்ன வந்ததோ, கொட்டித் தீர்த்துவிட்டார்.

நான் பிறந்தது ஊரில், 1949இல். பிறப்புப் பத்திரமே கிடையாது. என்னைக் கப்பலில் கொண்டுவந்தபோது சின்னக் குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம் என்று அப்பா என் வயதில் இரண்டைக் குறைத்துச் சொன்னார். அப்புறம் நெஞ்சுச் சளியில் நான் படுத்துக் கிடந்ததில் பள்ளியில் சேர்க்கிற வயது தாண்டிவிட்டது. குறைத்துச் சொன்ன அந்த இரண்டு வயது அப்போது நன்றாகவே கைகொடுத்தது. அப்பா பிரமாண ஆணையரிடம் போய், என் மகள் பிறந்தது 1951 என்று சத்தியம் செய்து, முத்திரை குத்திய காகிதத்தோடு வந்து என்னை முதல் வகுப்பில் சேர்த்தார். இப்போது தங்கத்துக்காக இன்னொரு சத்தியக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் இலாகாக்காரர்கள் அவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். விசாரித்தால் அந்தப் பழைய காகிதத்தையும் எடுப்பார்கள்.

எனக்குப் பதினான்கு வயது. ஆறு வருஷமாக வரிசையில் நான் கடைசியில் நின்றதற்கும், நாலாம் வகுப்பிலேயே நான் பெரியவளாகி, என்னடி இவ்வளவு சீக்கிரம் என்று டீச்சர்கள் கேட்டதற்கும் அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை வயதாகிவிட்டது என்று வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். வயதான நான் பன்னிரண்டு என்ற காகிதத்தோடு உள்ளே போகப் போகிறேன். இரண்டும் பொய்க் காகிதம். என் பொய்யைச் சொன்னவருக்கு இங்கிலீஷ் தெரியும், எங்கே முத்திரை குத்துவார்கள் என்று தெரியும். தங்கத்தின் காகிதம் பொய் என்றே அவளைப் பெற்றவர்களுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை நான் பள்ளிக்கூடம் போனேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வழியெல்லாம் இங்கிலீஷில் வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டே நடந்தேன். தலைமை ஆசிரியை எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, என்ன பிள்ளை, அந்தச் சத்தியக் காகிதம் கொண்டுவந்தாயா என்று கேட்டார். என் வாய் வரை வந்தது. அப்பாவின் வேலை போகும், என் இடம் போகும், நான் வீட்டில் உட்கார்ந்துவிடுவேன் என்பதும் கூடவே வந்தது.

புதுப் பள்ளிக்கான சீருடைத் துணி எங்கே கிடைக்கும் என்று கேட்க வந்ததாகச் சொன்னேன்.

அவர் ஒரு கடையின் பெயரை எழுதிக் கொடுத்தார். ஜனவரியில் நான் முதல் படிவத்தில் சேர்ந்தேன்.

தங்கத்தை அதே மாதம் ஒரு பிஸ்கட் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த மேனேஜரும் அவளைப் பார்த்துச் சிரித்தாராம். இவ்வளவு சின்னப் பிள்ளையை வைக்க முடியாது, சட்டம் விடாது என்றாராம். மருதப்பன் மாமா பால்மாவு டின்னைத் திறந்து பத்திரத்தை எடுத்துக் காட்டினார். பதினைந்து வயது, அரசாங்க முத்திரை. மேனேஜர் இரண்டு தடவை படித்துவிட்டு எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வாசலை மூடின அதே காகிதம் கம்பெனியில் திறந்துவிட்டது. இதை மாமா நல்ல சேதியாகத்தான் எங்களிடம் சொன்னார். பாவம், அவருக்கு அது நல்ல சேதிதான்.

மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் கலவரம் நடந்த அந்த 1964ஆம் வருஷத்தில், ஊரடங்கு இல்லாத நாளெல்லாம் காலை ஆறு மணிக்குத் தங்கம் தகர டப்பாக்களை அடுக்கப் போவாள். நான் புத்தகப் பையோடு எட்டு மணிக்குக் கிளம்புவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து என் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படிப்பாள். அல்ஜீப்ராவில் நான் திணறிய இடத்தை அவள் பார்த்த மாத்திரத்தில் போட்டுவிடுவாள். ஒரு வருஷம் வந்தாள். அப்புறம் வருவதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று நான் போய்க் கேட்கவில்லை. அவள் வராதது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

1966இல் அவளுக்குக் கல்யாணம் என்று அத்தை வெற்றிலை பாக்கோடு வந்தார். மாப்பிள்ளை வடிவேலு, சிராங்கூன் ரோட்டில் மசாலா அரைக்கிற மில்லில் வேலை, அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். எனக்குக் கணக்குப் போட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தங்கத்துக்குப் பதினைந்து. இப்போதுதான் உண்மையாகவே பதினைந்து. பதினெட்டு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் பதியமாட்டார்களே அத்தை என்றேன்.

"பத்திரத்துல பதினெட்டு ஆயிடுச்சுல்ல," என்றார் அத்தை.

நான் மூன்றாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் போனேன். பட்டுப்புடவை அவளுக்குப் பெரிதாக இருந்தது, இடுப்பில் மடித்து மடித்துச் செருகியிருந்தார்கள். என்னைப் பார்த்து, "நெட்டச்சி, சாப்பிட்டியா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

பள்ளிப் படிப்பு முடிந்து, போன வருஷம் ஒரு தொடக்கப் பள்ளியில் எனக்குத் தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்தது. இந்த வருஷம், 1969 பிப்ரவரியில், தங்கத்துக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சனிக்கிழமை தேக்காச் சந்தையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஒரு கவுனும் பால்மாவும் வாங்கிக்கொண்டு போனேன். சிராங்கூன் ரோட்டுச் சந்தில் ஒரு கடைக்கு மேல் அவர்கள் அறை. கீழே மில் ஓடுகிற அதிர்வு தரையில் தெரியும். மிளகாய் நெடி மாடி வரை ஏறுகிறது.

குழந்தையை என் மடியில் போட்டாள். வேலையைப் பற்றிக் கேட்டாள். என் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், கணக்கும் நான்தான் எடுக்கிறேனா என்று கேட்டாள். "நீ கணக்கா? பாவம்லா அந்தப் புள்ளைங்க," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பழைய குழாயடித் தங்கத்தைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் வயது, கப்பல் டிக்கெட், அப்பா செய்த பொய்ச் சத்தியம், அவர் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்பது, தலைமை ஆசிரியை அறையில் நான் சீருடைத் துணியைப் பற்றிக் கேட்டது.

அவள் கேட்டு முடித்தாள். என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு கையை நீட்டி என் மடியிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

அவள் திட்டுவாள், அழுவாள், மன்னித்தேன் என்பாள் என்றெல்லாம் நான் எதிர்பார்த்தேன். அவள் எழுந்துபோய்ப் பால்மாவு டின்னைக் கொண்டுவந்தாள். அம்மா வீட்டிலிருந்து வந்த அதே டின். திறந்து ஒரு புதுப் பத்திரத்தை எடுத்து, என் கையில் கொடுக்காமல், தானே இங்கிலீஷில் வாசித்தாள். பெயர் நூதன், பெண். பிறந்த நாள், மாதம், வருஷம். ஒவ்வொரு சொல்லையும் பள்ளியில் டீச்சர் முன்னால் எழுந்து நின்று வாசிப்பதுபோல வாசித்தாள். ஒரு பிழை இல்லை. குழந்தைக்கு இடது காது மடலில் மச்சம் இருந்தது. தங்கம் என்றே வைக்கச் சொல்லி அத்தை கேட்டிருக்கிறார், இவள் முடியவே முடியாது, புதுப் பெயர்தான் வைப்பேன் என்று சொல்லிவிட்டாள்.

பத்திரத்தை மடித்து டின்னில் வைத்து மூடினாள்.

"ஒங்க அப்பாகிட்ட சொல்லிடு," என்றாள். "பதிவு ஆபீசுக்கு நானே போயிட்டு வந்துட்டேன்னு."

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஓய்வு பெற்று, நாற்காலியில் உட்கார்ந்து தமிழ்ப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். தங்கத்துக்குப் பெண் பிறந்திருக்கிறது, குழந்தை பிறந்த அந்த வாரத்திலேயே அவளே புருஷனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்துவிட்டாள், உங்களிடம் சொல்லச் சொன்னாள் என்றேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்னவாவது அசையும் என்று நின்றேன்.

அப்பா பக்கத்தைத் திருப்பினார்.

"அவன் மில்லுல லீவு குடுக்க மாட்டாங்களே," என்றார். "அரை நாள் கூலி போயிருக்குமே."